ஃபிரேமுக்குள் போன சான்றிதழ்

சுவரில் ஏறிய மதிப்பெண் சான்றிதழ் நான்கு நாளாகியும் இறங்கவில்லை. இறக்குங்கள் என்று அப்பாவிடம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். ஃபிரேம் கடைக்காரரின் சின்ன மகள் பள்ளித் தேர்வில் அந்த வட்டாரத்துக்கே முதலாவதாக வந்தாள். வருஷத்துக்கு அறுபது பேரை மட்டும் பொறுக்கி எடுக்கும் பேர்போன சின்னக் கல்லூரி ஒன்று அவளை நேரில் அழைத்துப் பேசி, அசல் சான்றிதழ்களைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, உதவித்தொகையோடு இடமும் தருவதாகக் கடிதம் போட்டது. அப்பா கடைக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். காகிதத்துக்கு இனி வேலையில்லை என்று நினைத்து, மகளின் மதிப்பெண் சான்றிதழை ஃபிரேம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். நகலைப் போட்டிருக்கலாம். ஆனால் நகலை மாட்டுவதற்கு அவர் என்ன, பாசமில்லாத அப்பாவா?

அன்று இரவே சின்னவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, தான் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரப்போவதாகச் சொன்னாள். அங்கும் இடம் கிடைத்திருக்கிறது என்றாள்.

அப்பா கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவர் கத்தவில்லை. தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனவர், அதன்பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று கடைசி நாள். பகல் ஒரு மணிக்குள் அசல் சான்றிதழைப் பல்கலைக்கழகத்தின் கவுண்ட்டரில் கொடுத்தால்தான் இடம் நிற்கும். சின்னவள் விடிந்ததும் டோக்கன் வாங்கப் போய்விட்டாள். அம்மா ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் கிழிந்த போர்வைகளைத் தைக்கிறவள். அவளுக்குக் காலை ஷிஃப்ட். செருப்பை மாட்டிக்கொண்டே பெரியவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பூனைக்கு யார் மணி கட்டறதுன்னு ஆளாளுக்கு மூஞ்சியைப் பார்த்துட்டிருந்தா பொழுது போயிடும். நான் கேட்டா சண்டையாகும். நீ கேட்டா பேச்சாகும். நீயே கேளு."

பெரியவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா படத்துக்கு ஃபிரேம் போடுகிறார், மகள் முகத்துக்கு ஃபிரேம் போடுகிறாள் என்று தெருவில் கேலி உண்டு. அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். கடைக்குள் போக மட்டும் கால் எழவில்லை.

அவளுக்கு அந்தச் சின்னக் கல்லூரியைத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளும் அங்கேதான் சேர்ந்தாள். ஒன்றரை வருஷம் படித்தாள். காய்ச்சல் என்று வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. உடம்புக்கு முடியாமல் படிப்பு நின்றுவிட்டது என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, வீட்டுக்குள்ளும் அதுவே பேச்சாகிப் போனது. காய்ச்சல் ஏழே நாளில் விட்டுவிட்டது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுவர் முழுக்க மரச்சட்டங்களின் மாதிரி மூலைகள் வரிசையாகத் தொங்கின. இன்னொரு சுவரில் கண்ணாடிப் பலகைகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தன. எதிர்ச்சுவரில், கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில், சான்றிதழ். கரும்பழுப்புச் சட்டம், சந்தன நிற ஓரம். கடையிலேயே ஒசத்தியான மரத்தை அதற்கு எடுத்திருந்தார்.

அப்பா ஏதோ கால்பந்துக் குழுவின் படத்தை அளந்துகொண்டிருந்தார்.

"அப்பா, அதைக் கழட்டணும்."

"எதை?" என்றார், அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஒரு மணிக்குள்ள கொடுக்கணும்."

ஒருமுறை அடித்த ஃபிரேமைத் தான் பிரிப்பதில்லை என்றார் அப்பா. போன வாரம்தான் ஒரு வாடிக்கையாளருக்காக மூன்று ஃபிரேமைப் பிரித்துக் கொடுத்தார். அதை ஞாபகப்படுத்தலாமா என்று பெரியவள் யோசித்து, விட்டுவிட்டாள்.

பிறகு அப்பா பேச ஆரம்பித்தார். நான்கு நாள் அடைத்து வைத்தது மொத்தமாக வந்தது. ஒரு ஹாலில் அறுநூறு பேர் என்கிறார்கள். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் வாத்தியார் விரலளவுதான் தெரிவார் என்கிறார்கள். வந்தாயா, சாப்பிட்டாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்க ஒரு நாதியில்லை. கூட்டத்தோடு கோவிந்தா போடுவதற்கா அந்தப் பிள்ளை ராத்திரி பகலாகப் படித்தது?

"அந்தக் காலேஜ்ல வாத்தியாருக்கு ஒவ்வொரு பிள்ளை பேரும் தெரியும்," என்றார்.

"பேர் மட்டும் தெரிஞ்சா பரவாயில்லப்பா. அங்க எல்லாருக்கும் எல்லாரோட வீடும் தெரியும்."

அப்பா அளவுகோலைக் கீழே வைத்தார்.

சொல்லித்தான் ஆகவேண்டும் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. தங்கைக்காக வாதாட வந்தவளிடம் இருந்த ஒரே சாட்சி அவளுடைய சொந்த அசிங்கம்தான். அதைக் காட்டாமல் இந்த வழக்கு ஜெயிக்காது.

"நீங்க ஒரு தடவை அங்க வந்தீங்க. நிறுவனரோட பெரிய படம், சாப்பாட்டு ஹால்ல மாட்டறதுக்கு."



அன்று அவர் வருவது அவளுக்குத் தெரியாது. தோழிகள் நாலு பேரோடு தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தாள். எதிரே ஆளுயரப் படத்தை அணைத்துப் பிடித்தபடி, பசைக்கறை படிந்த வேலைச்சட்டையோடு அப்பா. அவளைக் கண்டதும் சிரித்து, சாப்பிட்டியா என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டடி தள்ளிப் போவதற்குள், யார் அது என்று ஒருத்தி கேட்டாள். அவள் பதில் சொன்னாள்.

"ஒருத்தி கேட்டாப்பா. நான் வந்து..."

மீதியை அப்பாவே சொன்னார்.

"எங்க பக்கத்துத் தெருவுல ஃபிரேம் கடை வச்சிருக்கறவர்."

பெரியவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக, அவர் காதில் விழுந்திருக்காது, படத்தின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார், தாழ்வாரத்தில் ஒரே சத்தம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்.

"காது நல்லாத்தான் கேக்கும் எனக்கு," என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை என்று அவள் சொன்னாள். நிமிர்ந்தால் படம், கொஞ்சமும் கோணாமல் நேராக. காய்ச்சலைச் சாக்காக வைத்து ஓடி வந்தது அதனால்தான். அழக்கூடாது என்று நினைத்து வந்திருந்தாள், நடக்கவில்லை.

"வேலைச்சட்டையோட வந்தது என் தப்புன்னுதான் நினைச்சேன்," என்றார் அப்பா. "ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். உன்னைப் பார்க்கற ஆசையில நானே தூக்கிட்டு வந்தேன்."

அப்பா கால்பந்துக் குழுவின் படத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"சின்னவகிட்ட ஒண்ணு சொல்லணும்னு நாலு நாளா வார்த்தை தேடறேன்," என்றார் மெதுவாக. "நீ அங்கேயே சேரும்மா, நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்னு. அதுக்குப் பயந்துதானே அவளும் வேண்டாங்கறா?"

இதற்காகவா நான்கு நாள் வாய் திறக்காமல் இருந்தார் இந்த மனுஷர்? கோபம் என்று வீடே நினைத்தது. அவரோ, தன்னை எப்படி அழித்துக்கொண்டால் மகள் படிப்பாள் என்று யோசித்திருக்கிறார்.

"அவளுக்கு இந்தக் கதையே தெரியாதுப்பா. அவ கேக்கறது வேற."

அவள் சொன்னாள். சின்னவளுக்குப் படிக்க வேண்டியது நிலத்தடி நீர். தண்ணீர் பூமிக்குள் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, ஏன் வற்றுகிறது என்பதுதான் பத்து வயதிலிருந்து அவள் பைத்தியம். பல்கலைக்கழகத்தின் பின்புறத் திடலில் அளவெடுப்பதற்கென்றே தோண்டிய கிணறுகள் இருக்கின்றன. முப்பது வருஷமாகத் தினமும் அவற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வருகிறார்கள். பார்வையாளர் நாளில் போனவள் முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்து, அன்று பூராவும் அதையே பேசினாள். அந்தக் காலேஜ்ல தண்ணியைப் பத்தி ஒரு அலமாரி புத்தகம் இருக்கு, பல்கலைக்கழகத்துல நாற்பது கிணறு இருக்கு, நீயே சொல்லு அக்கா என்றாள்.

"கூட்டம்னு சொல்றீங்க. நிஜம்தான், கூட்டம்தான். தடுக்கி விழுந்தா தூக்கிவிட ஓடி வரமாட்டாங்க. அது அவளுக்கும் தெரியும். ஆனா யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்கவும் அங்க யாருக்கும் நேரம் கிடையாது. உங்களை அந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்னு சொல்ற இடத்துல அவ ஏம்ப்பா படிக்கணும்?"

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஃபிரேமை இறக்கினார். மேஜைமேல் கவிழ்த்து, குறடால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பெரியவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை.

"ஒட்டியிருக்கேனே," என்றார் அப்பா, தனக்குள் பேசுவதுபோல.

அவர் தொழிலில் அது ஒரு விரதம். காகிதத்தைச் சும்மா வைத்தால் மழைக்காலத்தில் அலையடிக்கும் என்பார். அதனால் விலைமதிக்க முடியாத எதையும் மாவுப் பசை தடவி, அட்டையோடு அட்டையாக ஒட்டித்தான் போடுவார். மகளின் சான்றிதழைவிட விலைமதிக்க முடியாதது அவருக்கு எது? பசையைத் தாராளமாகவே தடவியிருந்தார்.

மணி பத்தரை. சின்னவள் போனில் வந்தாள். டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு, இப்போது நூற்று இருபது ஓடுகிறது, அப்பா என்ன சொன்னார் என்றாள். கழட்டிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னாள் பெரியவள்.

அப்பா ஈரத்துணியை அட்டையின் பின்பக்கம் போட்டு ஊறவிட்டார். அட்டையின் அடிப்பக்கத்தைத் தோல் தோலாக உரித்து மெலிதாக்கினார். மெல்லிய தகட்டை ஓரத்தில் நுழைத்து, ஒரு நூலளவு, இன்னும் ஒரு நூலளவு என்று நகர்த்தினார். பதினொன்றே முக்காலுக்குச் சான்றிதழ் கிழியாமல் கையோடு வந்தது. கைதேர்ந்த வேலை என்றால் அது. முன்பக்கம் ஒரு எழுத்தும் கலையவில்லை.

அப்பா அதைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பின்பக்கம் பள்ளியின் வட்ட முத்திரை இருந்த இடத்தில் ஊதாநிறக் கசிவு ஒன்றுதான் இருந்தது. முத்திரை முழுசாக அட்டையில் இறங்கியிருந்தது, இடம் வலம் மாறி. பள்ளிக்கூடமோ விடுமுறைக்குப் பூட்டியாகிவிட்டது. தலைமையாசிரியை ஊரில் இல்லை.

"என் கையாலேயே கெடுத்தேன்," என்றார் அப்பா. கெட்டது கெட்டதுதான். பெரியவள் சான்றிதழைத் துணியில் ஒற்றி எடுத்தாள். உரித்த அட்டையை அப்பா பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவள் நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, அங்கேயே நின்றது.

பஸ் பிடித்தார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கி ஓடினார்கள். பெரிய கூடம். பத்துக் கவுண்ட்டர், பத்து வரிசை, நடுவில் பெட்டியும் பையுமாக ஜனம். சின்னவள் ஏழாவது கவுண்ட்டரில் இருந்து கையை ஆட்டினாள். முறை வந்தும் பின்னால் இருந்தவர்களை முன்னே விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

கவுண்ட்டர் அம்மாளின் கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. திருகாணி லூஸ் என்று பெரியவளின் கண் தானாகவே பார்த்தது. அந்த அம்மாள் சான்றிதழை வாங்கினாள், முன்பக்கம் பார்த்தாள், திருப்பினாள்.

"பின்னாடி சீல் எங்க?"

சின்னவளுக்கு விஷயமே அப்போதுதான் தெரிந்தது. ஒரு கணம் அவள் முகத்தில் ரத்தம் இல்லை. அப்பா முண்டியடித்து முன்னே வந்து, பழுப்புக் காகிதத்தைப் பிரித்து அட்டையை நீட்டினார். கவுண்ட்டர் அம்மாள் அட்டையைப் பார்த்தாள், அவர் வேலைச்சட்டையைப் பார்த்தாள்.

"நீங்க யாரு, கடை ஆளா?"

அதே கேள்வி. பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா. ஃபிரேம் போட்டது அவர்தான். சீல் இந்த அட்டையில ஒட்டிக்கிச்சு. ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாருங்க, சரியா இருக்கும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் ஒருத்தி படிப்பையே விட்டாள் என்பது அவளுக்கு எங்கே தெரியும்? பெரியவள் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்த முறையும் அவள் சொல்லவில்லை.

தன் கையில் ஒன்றும் இல்லை என்றாள் கவுண்ட்டர் அம்மாள். சரிபார்க்கும் அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் உண்டு என்று சொல்லி, இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனாள். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அப்பாவின் போன் அடித்தது. சின்னக் கல்லூரி. காத்திருப்போர் பட்டியலில் ஆள் நிற்கிறது, உங்கள் பெண் வருகிறாளா இல்லையா, இப்போதே சொல்லவேண்டும் என்றது போனில் ஒரு மரியாதையான குரல். பக்கத்தில் இருந்த பெரியவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

காலையிலிருந்து தங்கைக்காக வாதாடியவளுக்கு இப்போது பயம் வந்தது. இங்கே முத்திரை இல்லை என்று தள்ளிவிட்டால்? அங்கேயும் போய்விட்டால்? வட்டாரத்துக்கே முதலாவதாக வந்த பெண் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"கொஞ்சம் டைம் கேளுங்கப்பா," என்று கிசுகிசுத்தாள்.

அப்பா சின்னவளைப் பார்த்தார். அவள் மூடியிருந்த அறைக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணமும் கண்ணை எடுக்கவில்லை.

"நான் அவ அப்பா பேசறேன்," என்றார் போனில். "என் பொண்ணு இங்க பல்கலைக்கழகத்துல படிக்கப் போறா. அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுங்க."

வைத்துவிடுவார் என்று நினைத்தாள் பெரியவள். அவர் வைக்கவில்லை.

"இன்னொண்ணு. உங்க சாப்பாட்டு ஹால்ல இருக்கற பெரிய படம் நான் மாட்டினது. ஒன்பது வருஷமாச்சு, கம்பி மாத்தணும். கீழ பிள்ளைங்க உட்கார்ற இடம், பார்த்துக்குங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு மணி அடித்தது. கவுண்ட்டர்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஏழாவதும் சாத்தப்பட்டது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அறைக்கதவு பாதி திறந்தது. ஒரு பியூன் தலையை நீட்டினார்.

"ஃபிரேம் கடைக்காரர் யாருங்க?"

அப்பா எழுந்தார். அவருக்கு முன்னால் பெரியவள் எழுந்துவிட்டாள்.

"எங்கப்பாதான்," என்றாள்.

தேவைக்கு மேலேயே சத்தமாக வந்துவிட்டது. அத்தனை பேர் இருந்த கூடத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா மட்டும் பார்த்தார்.

"அவர் மட்டும் உள்ள வரட்டும்," என்றார் பியூன். அதிகாரி ரொம்பக் கோபத்தில் இருக்கிறார் என்றும் சொன்னார். அப்பா சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது.